கை பட்ட இடத்தில் தேடுங்கள்: பழைய காரும் தீராத மின்கோளாறும்

பழைய காரில் எலக்ட்ரிக்கல் தொந்தரவு என்று வாயைத் திறந்தாலே போதும், "பேட்டரிய மாத்திப் பாருங்க" என்ற பதில் உடனே வந்துவிடும். மாற்றியும் தீரவில்லை என்றால் "டைனமோவ பாருங்க", அதாவது எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை. அதுவும் சரியாக இருந்தால் "ஈசியு போயிருக்கும்", அதாவது வண்டியின் கம்ப்யூட்டர். நான் வாங்கிய வண்டி இந்த மூன்று கட்டங்களையும் பார்த்துவிட்டது. கடைசியில் பழுதாகியிருந்தது இவற்றில் எதுவுமே இல்லை.

அந்த வண்டியோடு அலைந்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். தொழிற்சாலையில் போட்ட ஒயரிங் அவ்வளவு சுலபத்தில் கெடாது. வண்டி வெளியே வந்த பிறகு யார் யார் கை எங்கெல்லாம் பட்டதோ, கோளாறு பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். பழைய கார் வாங்கி, காரணம் தெரியாத மின்கோளாறோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

வண்டி 2017 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். ஒரே ஓனர், ஓடியது ஐம்பதாயிரம் கிலோமீட்டரை ஒட்டி. கோவையில் ஒரு கார் கன்சல்டிங்கில், அதாவது பழைய கார் விற்கும் கடையில் வாங்கினேன். நம்பர் மட்டும் சென்னை நம்பர். கம்பெனி பெயரும் மாடலும் வேண்டாம். வண்டியைச் செய்தவர்கள் மேல் இதில் எந்தக் குற்றமும் இல்லை. எஞ்சின், கியர், சஸ்பென்ஷன் எல்லாம் இன்றைக்கும் குறை சொல்ல முடியாதபடி இருக்கின்றன.

தொந்தரவு இரண்டு விதமாக வந்தது. வண்டியை இரண்டு மூன்று நாள் எடுக்காமல் விட்டால் செல்ஃப் எடுக்காது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வரும், மீட்டர் விளக்குகள் மங்கிப்போகும். தினமும் ஓட்டினால் ஒன்றுமே தெரியாது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இரவில் ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு ஓட்டும்போது மீட்டர் விளக்குகள் சிமிட்டும். பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஏபிஎஸ் விளக்கு எரியும். யூ டர்ன் எடுக்கிற நேரத்தில் ஸ்டீயரிங் சட்டென்று இறுகி, மஞ்சள் விளக்கு வந்து, அடுத்த நொடியே பழையபடி லேசாகிவிடும். எஞ்சினை அணைத்துப் போட்டால் எல்லா விளக்கும் மறைந்துவிடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனாலோ, பல் டாக்டர் வாசலில் வலி நின்றுவிடுவது போல, வண்டி சமர்த்தாக நிற்கும்.

இதெல்லாம் ஒரே நோய்தான் என்று பார்த்தவர்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இவை ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு கோளாறுகள். ஒன்றைச் சரிசெய்தும் மற்றது தொடர்ந்ததால், செய்த வேலை வீண் என்று தோன்றி வேறு பக்கம் போய்விடும். மின்கோளாறுகள் மாதக்கணக்கில் இழுப்பதற்கு இது பெரிய காரணம். எந்தக் கோளாறு எப்போது வருகிறது, அப்போது என்னென்ன ஓடிக்கொண்டிருந்தன, மழையா வெயிலா, வண்டி நின்றதா ஓடியதா என்று ஒரு நோட்டில் குறித்துவைப்பது ஸ்கேனரைவிட அதிகம் சொல்லும். என் குறிப்புகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் நிற்கும்போது வருவது ஒன்று, ஓடும்போது வருவது வேறொன்று என்று தெரிந்தது.

சென்னை நம்பரைப் பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, "வெள்ளத்துல முங்குன வண்டிய தலையில கட்டிட்டாங்க". 2015 வெள்ளம் இந்த வண்டி பிறப்பதற்கு முன்பே போய்விட்டது. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணைப் பக்கம் கார்கள் மிதந்து போன வீடியோவை எல்லாரும் பார்த்திருந்தார்கள். சந்தேகம் நியாயமானதுதான். அதனால் முதலில் அதைத் தீர்த்துக்கொண்டேன்.

தண்ணீரில் மூழ்கிய வண்டியை என்னதான் கழுவினாலும் சில இடங்கள் காட்டிக்கொடுத்துவிடும். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். கடைசி ஒரு அடியில் சேற்றுக் கோடு இருக்கும். சீட் நகரும் தண்டவாளத்தின் அடியில், சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் அடியில் மெல்லிய மண் படிந்திருக்கும். டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஃபியூஸ் பாக்ஸில் இரண்டு மூன்று ஃபியூஸைப் பிடுங்கினால் கால்களில் பச்சை பூத்திருக்கும். புது வண்டிபோல் பளபளக்கும் தரைவிரிப்பும் தூக்கலான சென்ட் வாசனையும் எனக்கு இப்போதெல்லாம் சந்தேகத்தைத்தான் தருகின்றன.

என் வண்டியில் இவை எதுவும் இல்லை. ஆனால் இடதுபக்கம் முன்சீட்டுக்காரர் கால் வைக்கும் இடத்தில் மட்டும் தரைவிரிப்பின் அடி ஈரமாக இருந்தது. அது வெள்ளமல்ல, ஏசி தண்ணீர். ஏசியில் குளிர்ந்து சொட்டும் நீர் வெளியே போக ஒரு ரப்பர் குழாய் உண்டு. அதில் தூசியும் இலைத்துணுக்கும் அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே வழியும். ஏசி போட்டு நிறுத்திய காரின் அடியில் தரையில் நீர் சொட்டவில்லை என்றால் இதைச் சந்தேகிக்கலாம். காற்றடித்துச் சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது. சின்ன விஷயம் என்று விட்டுவிடக் கூடாது. பல கார்களில் அந்தப் பக்கத்துக் கால்பலகையை ஒட்டித்தான் ஒயரிங் கிட்டின் (ஒயர்க் கட்டின்) பெரிய கப்ளர்கள், அதாவது ஒயர்களை இணைக்கும் செருகிகள் இருக்கின்றன; ஈரம் அங்கே ஏறினால் பிறகு கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஈரம் பிசுபிசுப்பாக, இனிப்பு வாசனையோடு இருந்தால் அது ஹீட்டர் பக்கம் ஒழுகும் கூலன்ட். அது வேறு வேலை.

அடுத்து பேட்டரி. வண்டியோடு வந்த பேட்டரி நான்கு வருடப் பழசு, மாற்றினேன். ஒரு வாரம் நிம்மதி. அப்புறம் வெளியூர் போய்விட்டு வந்து பார்த்தால் அதே டிக் டிக். பேட்டரிக் கடையில் சோதித்து "பேட்டரி நல்லா இருக்கு, சார்ஜ்தான் இல்ல" என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். அந்த வாக்கியத்தின் பொருளை அன்றைக்கே ஒழுங்காக யோசித்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்: நல்ல பேட்டரியிலிருந்து யாரோ கரண்டை உறிஞ்சுகிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு மல்டிமீட்டர் வாங்கிவிடுவது நல்லது. சில நூறு ரூபாய்தான். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியின் இரு முனைகளில் வைத்தால் 12.6 வோல்ட் சுமார் காட்ட வேண்டும். அது முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் டைனமோ வேலை செய்கிறது. ஒரு எச்சரிக்கை: சமீபத்திய கார்கள் சிலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த டைனமோவின் வோல்டேஜை கம்ப்யூட்டரே வேண்டுமென்று குறைக்கும். ஓடும் வண்டியில் 12.8 காட்டுகிறது என்று டைனமோவைக் கழற்றிவிட வேண்டாம். ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டதும் ஏறுகிறதா என்று பாருங்கள்.

என் வண்டியில் டைனமோ சுத்தம், பேட்டரி புதுசு. ஸ்கேனர் போட்டார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட்டில் செருகியதும் வரிசையாகக் கோடுகள், அதாவது பழுதைக் குறிக்கும் குறியீட்டு எண்கள். ஸ்டீயரிங் யூனிட்டில் ஒன்று, ஏபிஎஸ்ஸில் ஒன்று, எஞ்சினில் பி0562. மூன்றும் சொன்னது ஒன்றுதான்: அந்தந்த யூனிட்டுக்கு வரும் வோல்டேஜ் குறைவு. ஒரு சர்வீஸ் சென்டரில் எலக்ட்ரிக் ஸ்டீயரிங் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்று மதிப்பீடு போட்டுக் கொடுத்தார்கள். வண்டி விலையில் கணிசமான பங்கு அது.

ஸ்கேனரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கோடு வந்த பாகம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அந்தப் பாகம் எதையோ பற்றிப் புகார் சொல்கிறது, அவ்வளவுதான். "எனக்கு வோல்டேஜ் வரவில்லை" என்று ஸ்டீயரிங் யூனிட் புகார் சொன்னால், புகார் சொன்னவனையே மாற்றுவது என்ன நியாயம்? பல யூனிட்டுகள் ஒரே சமயத்தில் ஒரே புகாரைச் சொன்னால் அவை எல்லாம் ஒன்றாகக் கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது எது என்று கேட்க வேண்டும். இருப்பது மூன்று: பேட்டரியிலிருந்து வரும் பாசிட்டிவ், திரும்பிப் போகும் எர்த், யூனிட்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இரண்டு ஒயர்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன். லாரிகளுக்கும் டெம்போக்களுக்கும் ஒயரிங் வேலை பார்த்தே வயதானவர். ஸ்கேனர் அவரிடம் இல்லை. பானட்டைத் திறந்து சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, முன்னாடி டிங்கரிங் வேலை நடந்திருக்குதுங்களா?" என்றார்.

"தெரியலீங்கண்ணா. ஆக்சிடென்ட் இல்லன்னுதான் சொன்னாங்க."

"பெரிய அடி இல்லீங். பம்பர், லைட் போற அளவுக்கு வாங்கியிருக்கும். பெயின்ட் பாருங்க, போல்ட் மேலயும் அடிச்சிருக்கான்."

பேட்டரி தட்டுக்குக் கீழே, பாடியில் எர்த் பிடிக்கும் இடம் அது. அங்கே புதுப் பெயின்ட் அடித்து, அதன் மேலேயே எர்த் ஒயரின் வளையத்தை வைத்து முறுக்கியிருந்தார்கள். பெயின்ட் கரண்டைக் கடத்தாது. போல்ட்டின் மரை மட்டும்தான் எங்கேயோ இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. வண்டி குலுங்கினால் அந்தத் தொடர்பும் தளரும்.

இது எப்படி இத்தனை பேர் கண்ணிலிருந்து தப்பியது என்பதுதான் சுவாரசியமான பகுதி. என் வண்டியில் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து இரண்டு ஒயர் போகிறது. தடிமனானது கியர் பாக்ஸுக்கு, மற்றது பாடிக்கு. செல்ஃப் மோட்டார் கியர் பாக்ஸை ஒட்டி இருப்பதால் அதற்கு முதல் ஒயர் போதும். ஆகவே பேட்டரியில் சார்ஜ் இருக்கும்வரை செல்ஃப் நன்றாக அடிக்கும், பேட்டரிக் கடையில் செய்கிற எல்லாச் சோதனையிலும் வண்டி பாஸ். ஆனால் ஹெட்லைட், புளோயர், பின்கண்ணாடி ஹீட்டர், ஸ்டீயரிங் மோட்டார், ஏபிஎஸ் எல்லாம் கரண்டைத் திருப்பி அனுப்புவது பாடி வழியாக. எலக்ட்ரிக் ஸ்டீயரிங் முழுக்கத் திருப்பும்போது சில நொடிகளுக்குப் பல பத்து ஆம்பியர் இழுக்கும். பாதை மோசமாக இருந்தால் அந்த நொடியில் வோல்டேஜ் விழுகிறது, யூனிட்டுகள் பயந்துபோய் விளக்கைப் போடுகின்றன. யூ டர்னில் ஸ்டீயரிங் இறுகியதன் ரகசியம் இவ்வளவுதான்.

எர்த் சரியா என்று பார்க்க மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துத் தொட்டால் பலன் இல்லை. ஒரே ஒரு நூலிழை தொட்டுக்கொண்டிருந்தாலும் சுழி என்றே காட்டும். கரண்ட் ஓடும்போது அளக்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கட்டையிலேயே வையுங்கள். அதன் கிளாம்பில் அல்ல, கிளாம்பே தளர்ந்திருக்கலாம். இன்னொரு முனையைப் பாடியில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் வையுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட் ஹை பீம், புளோயர் முழு வேகம், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போடச் சொல்லுங்கள். 0.1, 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. என் வண்டியில் ஒரு வோல்ட்டை நெருங்கியது. ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் இன்னும் எகிறியது. அதேபோல் எஞ்சின் பிளாக்கில் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். இந்த ஒரு சோதனைக்குப் பத்து நிமிடம் ஆகாது. எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன் இதைச் செய்யச் சொல்லிக் கேட்பது நம் உரிமை.

சரிசெய்ததும் எளிமையாகத்தான். நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, போல்ட்டை எடுத்து, வளையம் உட்காரும் வட்டத்தில் மட்டும் பெயின்ட்டை உப்புத்தாளால் வெறும் இரும்பு தெரியும் வரை தேய்த்தார். வளையத்தையும் தேய்த்தார். பல் வைத்த வாஷர் போட்டு முறுக்கி, அதன் பிறகு மேலே வாசலின் தடவினார். வாசலின் முதலில் அல்ல, முறுக்கிய பிறகு. துரு பிடிக்காமல் இருக்க. அப்படியே முன்பக்கம் ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருந்த இன்னொரு எர்த் போல்ட்டையும் செய்தார். கூலி கேட்டபோது அவர் சொன்ன தொகை, ஸ்டீயரிங் யூனிட் மதிப்பீட்டின் ஜிஎஸ்டியில் ஒரு துளிகூட இல்லை.

பேட்டரி முனையைக் கழற்றுவதாக இருந்தால் இரண்டு விஷயம். சில வண்டிகளில் ஸ்டீரியோ திரும்ப ஓட கோடு எண் கேட்கும், கையேட்டோடு அது இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்; கண்ணாடியின் ஆட்டோ வசதியைத் திரும்பப் பழக்க வேண்டியும் வரலாம். இன்னொன்று விளையாட்டல்ல: மஞ்சள் நிறக் கப்ளர், மஞ்சள் உறை போட்ட ஒயர் எல்லாம் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றில் டெஸ்ட் லேம்ப்போ மீட்டரோ வைக்கவே கூடாது. டெஸ்ட் லேம்ப் விடும் கரண்ட் ஏர்பேக்கை வெடிக்க வைக்கக்கூடும். தெருமுனைக் கடைகளில் இந்தக் கவனம் எப்போதும் இருப்பதில்லை, நாம்தான் சொல்ல வேண்டும்.

எர்த் சரியானதும் ஓடும்போது வந்த தொந்தரவு மொத்தமாக நின்றது. நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்குவது மட்டும் நிற்கவில்லை. இரண்டும் வேறு வேறு என்று நோட்டில் பிரித்துவைத்திருந்ததால் இந்த முறை குழம்பவில்லை.

பூட்டி நிறுத்திய காரும் கொஞ்சம் கரண்ட் இழுக்கும். கடிகாரம், ரிமோட் லாக், கம்ப்யூட்டரின் நினைவு இவற்றுக்கெல்லாம் சேர்த்து 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சாதாரணம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. சிறிய பெட்ரோல் காரில் பேட்டரி 35 ஆம்பியர் மணி என்றால் ஒரு வாரம் நின்றாலும் கவலையில்லை. அதை அளக்க, நெகட்டிவ் முனையைக் கழற்றி, முனைக்கும் ஒயருக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் செருகி வைக்க வேண்டும். மீட்டர் நடுவில் இருக்கும்போது தவறியும் செல்ஃப் அடிக்கக் கூடாது, ஹெட்லைட் போடக் கூடாது. மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். முன்கூட்டியே கதவைத் திறந்துவைத்து, கதவின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் மடக்கிவிட்டால் வண்டி கதவு மூடியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். அப்புறம் பூட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போக அரை மணி நேரம்கூட ஆகும். அவசரப்பட்டு முதல் ஐந்து நிமிட அளவைப் பார்த்துவிட்டுக் குற்றவாளியைத் தேடக் கிளம்புகிறவர்கள் அதிகம்.

காத்திருந்து பார்த்தும் மீட்டர் 0.4 ஆம்பியரில் நின்றது. ஒரு நாளைக்கு 9.6 ஆம்பியர் மணி. இரண்டு நாளில் பாதிக்கு மேல் காலி. கணக்கு அச்சாகப் பொருந்தியது.

ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்ப்பது வழக்கமான வழி. எதைப் பிடுங்கினால் அளவு விழுகிறதோ, கோளாறு அந்த வரிசையில். (பிடுங்கிச் செருகும்போது சில யூனிட்டுகள் விழித்துக்கொள்ளும். அதைத் தவிர்க்க, ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு சிறு உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்துப் பார்க்கலாம்; கரண்ட் ஓடும் ஃபியூஸில் மட்டும் ஏதாவது எண் காட்டும்.) என் வண்டியில் எதைப் பிடுங்கியும் 0.4 அசையவில்லை. உள்ளே இருக்கும் பாக்ஸ், பானட்டுக்குள் இருக்கும் பாக்ஸ், இரண்டிலும் இல்லை. அன்று முதலில் திகைப்பாக இருந்தாலும், யோசித்தால் அதைவிட நல்ல தகவல் கிடையாது. எந்த ஃபியூஸ் வழியாகவும் போகாத கரண்ட் என்றால் பேட்டரியிலிருந்து நேராகப் போகிறது. அப்படிப் போகக்கூடியவை மிகச் சில. டைனமோவுக்குள் இருக்கும் டயோடு கசியலாம். அதன் தடித்த ஒயரைக் கழற்றினால் தெரிந்துவிடும். அல்லது யாரோ பின்னாளில் போட்ட ஒயர்.

பேட்டரியின் பாசிட்டிவ் கிளாம்புக்குள் சொருகியிருந்த ஒரு சிவப்பு ஒயர். கறுப்பு டேப் சுற்றி, ஒரிஜினல் கிட்டோடு சேர்த்துக் கட்டி, அச்சு அசலாகக் கம்பெனி ஒயர் மாதிரியே மறைத்திருந்தார்கள். அது எஞ்சின் அறைச் சுவரைத் தாண்டி, தரைவிரிப்புக்குள் நுழைந்து, டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்த ஒரு ஆம்ப்ளிஃபையருக்குப் போனது. முந்தைய ஓனருக்கு பாட்டு ரசனை போலும். வண்டியை விற்கும்போது ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு ஆம்ப்ளிஃபையரை அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஸ்டீரியோ ஒயரிங்கில் மஞ்சள் ஒயர் எப்போதும் உயிரோடு இருக்கும், நினைவுக்காக. சிவப்பு, சாவி போட்டால் மட்டும். ஆம்ப்ளிஃபையரை எழுப்ப நீல ஒயர். இங்கே அந்த நீல ஒயரை மஞ்சளோடு முறுக்கி விட்டிருந்தார்கள். ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்ளிஃபையர் சீட்டுக்கு அடியில் இரவும் பகலும் விழித்துக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடு. இன்றைக்கு யாராவது பேட்டரி இறங்குகிறது என்றால், காலையில் வண்டியைத் திறந்ததும் சீட்டுக்கு அடி, டேஷ்போர்டுக்குக் கீழ், டிக்கி ஓரம் எல்லாம் கை வைத்து எங்காவது சூடு இருக்கிறதா பாருங்கள் என்று சொல்கிறேன்.

அந்த ஒயரில் ஃபியூஸே இல்லை என்பதுதான் என்னை உலுக்கியது. பேட்டரியிலிருந்து கிளம்பும் எந்த ஒயருக்கும், கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருந்தாக வேண்டும். அது சுவரைத் தாண்டும் துளையில் ரப்பர் புஷ்கூட இல்லாமல், தகட்டின் விளிம்பில் உராய்ந்து இன்சுலேஷன் பாதி தேய்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தால் பேட்டரியின் மொத்த கரண்டும் அந்த ஒயர் வழியாகப் பாடிக்குப் பாய்ந்திருக்கும். ஓடும் கார் தீப்பிடித்தது என்று பேப்பரில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஒயர்தான் ஞாபகம் வருகிறது.

மொத்தத்தையும் கழற்றி எறிந்தோம். அப்படியே மற்ற ஒட்டுவேலைகளையும் தேடினோம். ரிவர்ஸ் கேமரா, கதவோரம் எரியும் நீல விளக்கு, இரட்டை ஹாரன், ஹெட்லைட்டில் 100 வாட் பல்பு. பல்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கம்பெனி கொடுப்பது 60/55 வாட். சுமார் 5 ஆம்பியர். 100 வாட் என்றால் 8 ஆம்பியருக்கு மேல். அதே மெல்லிய ஒயர், அதே ஸ்விட்ச், அதே கப்ளர். பல்பின் பின்னால் இருந்த பிளாஸ்டிக் கப்ளர் பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்தது. அதிக வெளிச்சம் வேண்டும் என்றால் பேட்டரியிலிருந்து ரிலேயும் ஃபியூஸும் வைத்துத் தனி ஒயர் இழுக்க வேண்டும், அப்போதும் எதிரே வருகிறவர் கண் கூசும். பழைய 55க்கே திரும்பினேன். அழுக்கேறி மங்கிய ஹெட்லைட் கண்ணாடியைப் பாலிஷ் போட்டதில் வெளிச்சம் போதுமான அளவு வந்துவிட்டது.

ஒயரைக் கடிக்கும் எலியைப் பற்றிக் கேட்பார்கள் என்று தெரியும். என் வண்டியில் கடி இல்லை. புகையிலை, நாப்தலீன் உருண்டை என்று ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். வண்டியை ஒரே இடத்தில் வாரக்கணக்கில் விடாமல் எடுப்பதில்தான் எனக்கு நம்பிக்கை.

இன்னொரு முறை பழைய கார் பார்க்கப் போனால் என்ன செய்வேன் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். காலையில், எஞ்சின் சூடாவதற்கு முன் போவேன். நாம் வருவதற்கு முன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுவேன். சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி மீட்டரைப் பார்ப்பேன். ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின், பேட்டரி, ஆயில் எல்லா விளக்கும் முதலில் எரிய வேண்டும். எரியாத விளக்குதான் ஆபத்து, யாரோ அதை வேண்டுமென்றே அடைத்திருக்கலாம். பிறகு பானட்டைத் திறந்து பேட்டரி கிளாம்பைப் பார்ப்பேன். கம்பெனி கொடுத்ததைத் தவிர அங்கே எத்தனை ஒயர் சொருகியிருக்கிறதோ, அத்தனை கேள்வி விற்பவரிடம் கேட்பேன். மலிவான ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று கையில் இருந்தால் கோடு இருக்கிறதா என்பதைவிட, சமீபத்தில் அழித்திருக்கிறார்களா என்று பார்க்கலாம். செயலியில் மானிட்டர்கள் (வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சோதனைகள்) பல "முடியவில்லை" என்று காட்டினால், அண்மையில் கோடு அழிக்கப்பட்டதாகவோ பேட்டரி கழற்றப்பட்டதாகவோ பொருள். சேசிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் விவரம் கேட்பதும், இன்சூரன்ஸ் க்ளெய்ம் நடந்திருக்கிறதா என்று விற்பவரிடமே கேட்பதும் கட்டாயம். என் வண்டியின் முன்பக்க வேலை க்ளெய்ம் போடாமல் கைக்காசில் செய்தது, அதனால் எந்தப் பதிவிலும் இல்லை. பெயின்ட் அடித்த போல்ட் மட்டும்தான் சாட்சி.

வாகனக் காப்பீட்டில் மின்பழுது, இயந்திரப் பழுது இரண்டும் அடிப்படைப் பாலிசிகளில் விலக்கப்பட்டவை. எர்த் கோளாறுக்கோ ஸ்டீயரிங் யூனிட்டுக்கோ அதிலிருந்து பணம் வராது. ஆனால் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம், வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி. மாற்ற 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து வாங்கும்போதே, வாயால் சொன்ன வாக்குறுதிகளையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். எனக்கு விற்றவர் ஆம்ப்ளிஃபையரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். கன்சல்டிங்கில் வண்டி நின்றதே சில வாரம்தான்.

வண்டி இப்போது பத்து நாள் நின்றாலும் செல்ஃப் எடுக்கிறது. ஒரே ஒரு பாக்கி, இடதுபக்கப் பின்கதவின் சென்ட்ரல் லாக் சில சமயம் வேலை செய்வதில்லை. கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் மடிப்புக்குள் ஒயர் ஏதோ அறுந்திருக்க வேண்டும். கதவைத் திறந்து மூடி மூடி, வெளியே இன்சுலேஷன் முழுசாக இருக்கும்போதே உள்ளே செம்பு முறிந்துவிடும். ரப்பரைப் பிதுக்கி ஒவ்வொரு ஒயராக லேசாக இழுத்துப் பார்த்தால், முறிந்தது மட்டும் இழுபடும். மழை நின்றதும் அந்த வேலை. முறுக்கி டேப் சுற்றாமல், கிரிம்ப் அடித்து ஸ்லீவ் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறேன்.